ஆர்சி ஹெலிகாப்டர் (ரிமோட்டில் பறக்கும் மாடல்) அந்தரத்தில் தலைகீழாக நிற்கிறது, நிஜ ஹெலிகாப்டரால் ஏன் முடியவில்லை?

யூடியூபில் ஏதோ 3டி பறத்தல் வீடியோ பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மல்லாந்தபடி புல்லை உரசிக்கொண்டு நிற்பது, வாலைச் சுழற்றிக்கொண்டே குட்டிக்கரணம் அடிப்பது எல்லாம் இருந்திருக்கும். இங்கே பதில் எழுதிய ஒருவர் "எடை கம்மி, அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

நான் கோவையில் 700 சைஸ் (பிளேடு சுமார் 700 மில்லிமீட்டர் நீளம்) மின்சார ஹெலி பறக்கவிடுகிறவன். அக்கா வீட்டுக்காரர் விமானப்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். என் ஹெலியை அவர் விளையாட்டுச் சாமான் என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, பிளேடில் பிட்ச் கேஜை (பிளேடின் சாய்வுக் கோணத்தை அளக்கும் கருவி) மாட்டி, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். ஸ்டிக்கை மேலே தள்ளினார், பிளஸ் 12 டிகிரி. நடுவில் பூஜ்யம். கீழே இழுத்தார், மைனஸ் 12, அதாவது பிளேடு எதிர்ப்பக்கம் சாய்ந்து காற்றை மேலே தள்ளும் கோணம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, மைனஸ் இவ்வளவா? எங்க வண்டியில இன்ஜின் நின்னா ஆட்டோரொட்டேஷன்ல, அதாவது கீழேருந்து வர்ற காத்துலயே பிளேடு சுத்தி, எறங்கற அளவுக்குக் கொறைஞ்சாப் போதும். இதுக்கெல்லாம் அங்க என்ன வேலை?"

அவர் கேள்வியிலேயே உங்களுக்கான பதில் இருக்கிறது. மாடல் பிளேடுக்கு மேலும் கீழும் ஒரே வளைவு. நிமிர்ந்து எவ்வளவு இழுக்குமோ, மல்லாந்தும் அவ்வளவு இழுக்கும். நிஜ ஹெலிகாப்டரை அப்படி யாரும் செய்வதில்லை, ஆளையும் சரக்கையும் தூக்கத் தேவையில்லாத வேலை அது. மேலும், நீளமான பிளேடு வளையும். மல்லாந்து நின்றால் வால் பூம் (வாலைத் தாங்கும் நீண்ட தண்டு) பக்கமாக வளையும். எங்கள் கார்பன் பிளேடு குட்டை, நிமிடத்துக்கு 2000 சுற்றில் விறைத்து நிற்கும். சக்தியையும் பாருங்கள்: 5 கிலோ ஹெலி சில நொடிகளுக்கு 7 கிலோவாட் வரை இழுக்கும். ஜெர்மனியின் பிஓ 105 என்ற நிஜ ஹெலிகாப்டருக்கு இரண்டு இன்ஜினும் சேர்ந்து 840 குதிரைத்திறன், எடையோ 2.4 டன். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் எங்களுடையது ஐந்து மடங்கு.

 

அதற்காக நிஜ ஹெலிகாப்டர் சாகசமே செய்யாது என்று நினைக்காதீர்கள். 1967-இல் முதலில் பறந்த அதே பிஓ 105, கீல் இல்லாத டைட்டானியம் ஹப்பை (பிளேடுகளை மாட்டும் நடுப்பகுதி) வைத்துக்கொண்டு லூப்பும் ரோலும் அடிக்கும். பிரிட்டனின் லிங்க்ஸ் ஹெலிகாப்டரும் அப்படித்தான். லூப்பின் உச்சியில் அது தலைகீழாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்ணீர்த் தூக்கை வீசிச் சுற்றுவது போல, ரோட்டர் (சுழலும் பிளேடுகள்) மேல் சுமை விடாமல் இருந்துகொண்டே இருக்கும். அங்கேயே நில் என்றால்தான் நிற்காது. ராபின்சன் ஆர்22 போல இரண்டே பிளேடோடு சாய்ந்தாடுகிற ஹப் என்றால் சுமை குறைவதே ஆபத்து, ஹப் மாஸ்டில் (ரோட்டரைத் தாங்கிச் சுழற்றும் தண்டு) இடித்து மாஸ்டே முறியலாம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சூலூரில் இருக்கும் விமானப்படையின் சாரங் சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்களுக்கும் கீல் இல்லாத ரோட்டர்தான். அதைச் சொன்னதும் மாமாவுக்கு முகத்தில் ஒரு பெருமை, ஏதோ அவரே செய்தது மாதிரி.

உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் மறக்காதீர்கள். என் ஹெலி அடிக்கிற அடியில் விமானிக்குக் கழுத்து நிற்காது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹெலியை வெளியே எடுத்தாலே யாராவது வந்து "அண்ணா, ட்ரோனா? கல்யாணத்துக்கு எவ்வளவு வாங்குவீங்க?" என்கிறார்கள். அதில் கேமராவே கிடையாது! நாங்கள் பறக்கவிட்டுக்கொண்டிருந்த காட்டையும் லேஅவுட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். ஒரு வீடுகூட வரவில்லை, ஆனால் வாட்ச்மேன் மட்டும் விசில் ஊதிக்கொண்டு ஓடி வருகிறார். இப்போது ஒரு பேட்டரி பறக்கவிடக்கூட ஊரைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.