கேமரா கேள்வி பதில்: அண்ணாவி முகத்துல யாரு மண்ணு தூவுனா?

கேள்வி: எங்க ஊரு அம்மன் கோயில் கொடையில ராத்திரி வில்லுப்பாட்டு. கேமரா கூட வந்த 18-55 லென்ஸ்லதான் எடுத்தேன். ஐஎஸ்ஓ (படத்த வெளுப்பாக்குத செட்டிங்) 6400, ஷட்டர் (வெளிச்சம் உள்ள வர கதவு திறந்திருக்க நேரம்) 1/125 செகண்டு, எஃப் (லென்ஸ் துவாரத்தோட அளவு) 5.6. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசாக்கி பாத்தா பாடுத அண்ணாவி முகமெல்லாம் மண்ணு தூவுன மாதிரி புள்ளி. ஐஎஸ்ஓ 400-ஐ தாண்டவே கூடாதுன்னு ஒரு அண்ணன் சொல்லுதாரு, சரியா? (வாசகர், தக்கலை)

பதில்: அண்ணன் பேச்ச கேட்டு 400-ல வச்சிருந்தா, அதே பிரைட்னஸ் கிடைக்க ஷட்டர் 1/8 செகண்டுக்கு எறங்கியிருக்கும், அதுக்குள்ள வீசுகோல் புடிச்ச கை எங்கயோ போயிரும், படத்துல கை இருக்காது, பொகை மாதிரி ஒண்ணு இருக்கும். புள்ளி விழுந்த முகத்த பாத்துக்கலாம், ஆளே கலங்கிப்போன படத்த என்ன செய்ய? நீங்க 6400 வச்சது சரிதான்.

இனி புள்ளி எங்கேருந்து வருதுன்னு பாப்போம். ஐஎஸ்ஓவ ஏத்தினா சென்சாருக்கு (கேமராவுக்குள்ள படத்த புடிக்குத சில்லு) கண்ணு கூடுதலா தெரியும்னு பலபேரு நெனைச்சிட்டு இருக்காங்க, அப்படி கிடையாது. ஷட்டரும் அப்பர்ச்சரும் (அந்த எஃப் துவாரம்) எவ்வளவு வெளிச்சத்த உள்ள விட்டுதோ அவ்வளவுதான் வரவு, ஐஎஸ்ஓ பொறவு வந்து அந்த சிக்னல பெருசாக்குது. அண்ணாவி தொண்டை கட்டி மெதுவா பாடுனா மைக்செட்காரரு வால்யூம ஏத்துவாருல்லா, அப்போ பாட்டு கூடவே இரைச்சலும் சேந்து கேக்கும், அதே கதைதான்.

ஆனா மெஷின் இரைச்சல் மட்டும் காரணமில்ல. நம்ம முற்றத்து சிமெண்டு தரையில மழை ஆரம்பிக்கத பாருங்க, முதல் சாரல்ல ஒரு எடத்துல நாலு சொட்டு, பக்கத்துல ஒண்ணுமில்ல, தரையே புள்ளி புள்ளியா கெடக்கும், அரைமணி நேரம் பெஞ்சா எல்லாம் ஒரே ஈரம். வெளிச்சமும் இப்படி துளித்துளியாத்தான் வருது. ஒரு பிக்சல்ல (படத்தோட ஒரு சின்ன கட்டம்) 10,000 துளி விழுந்தா ஏற்ற எறக்கம் 100 அளவுக்கு இருக்கும், அது 1 சதவீதம், கண்ணுக்கு தெரியாது. 100 துளிதான் விழுந்துதுன்னா ஏற்ற எறக்கம் 10, அது 10 சதவீதம், பளிச்சுன்னு தெரியும். ஆக புள்ளிக்கு மூலகாரணம் வெளிச்சம் இல்லாததுதான், பழி மட்டும் ஐஎஸ்ஓ தலையில. அதே ஷட்டர் அதே எஃப் வச்சு 400-ல இருட்டா எடுத்துட்டு பொறவு கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்கலாம்னு நெனைக்காதீங்க, பல கேமராவுல புள்ளி இன்னும் மோசமாத்தான் வரும்.

ஐஎஸ்ஓ ஏத்தறதுல நட்டமே இல்லியான்னா, உண்டு. ஒவ்வொரு தடவ இரட்டிக்கும்போதும் வெளுப்பான எடங்கள தாங்குற சக்தி ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதி, போகும், மேடை டியூப்லைட்டும் வேட்டி மடிப்பும் வெறும் வெள்ளையாயிருக்குமே, அது இதனாலதான். கலரும் மங்கும். ஜேபெக்ல எடுத்தா கேமராவே புள்ளிய தேச்சு அழிக்கேன்னு முகத்த மெழுகு பொம்மையாக்கிரும், அதனால ரா-ல (சென்சார் பதிஞ்சத அப்படியே வைக்குத ஃபைல்) எடுங்க.

காசு உண்டும்னா 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு வாங்குங்க. எஃப் நம்பர் குறைஞ்சா துவாரம் பெருசு, எஃப் 2-ல வச்சாலே 5.6-ஐ விட 8 மடங்கு வெளிச்சம், அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 800 போதும். புது பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) வாங்க கடன் எடுக்காதீங்க.

கேள்வி: விடியக்காலம் திருவள்ளுவர் சிலைய வச்சு சூரிய உதயம் எடுத்தேன், எல்லாம் ஆட்டோ. வானமெல்லாம் புள்ளி, சூரியன சுத்தி வெள்ளை. (வாசகி, கொட்டாரம்)

பதில்: 133 அடி கல்லு, ஓடியா போவப்போவுது? டிரைபாட் வச்சு ஐஎஸ்ஓ 100-ல ஒரு செகண்டு ரெண்டு செகண்டு ஷட்டர திறந்து வைங்க. ஆட்டோவுக்கு நம்ம கை ஆடும்ங்கிற பயம், அதான் ஐஎஸ்ஓவ ஏத்துது. வானம் மாதிரி வழவழன்னு இருக்க எடத்துலதான் புள்ளி மொதல்ல கண்ணுல குத்தும். சூரியன் எட்டிப் பாத்ததும் ஷட்டர் வேகத்த கூட்டி கொஞ்சம் இருட்டாவே எடுங்க, ஐஎஸ்ஓ 100-ல ரா ஃபைல்ல நிழல பொறவு எடுத்துக்கலாம், வெந்து வெள்ளையான எடம் திரும்ப வராது. மூணு கடலு காத்துக்கும் டிரைபாட் ஆடும், பைய அதுல தொங்கவிட்டு 2 செகண்டு டைமர்ல கிளிக் பண்ணுங்க. கடலு பால் மாதிரி வரும், வள்ளம் போனா கலங்கும், அது புடிக்காட்டி ஐஎஸ்ஓவ ஏத்தித்தான் ஆவணும்.

இன்னொண்ணு, ராத்திரி எடுத்து முடிச்சா ஐஎஸ்ஓவ எறக்கி வச்சிட்டு தூங்குங்க. நான் சுசீந்திரத்துல ராத்திரி 6400-ல எடுத்தத மறந்து மறுநாள் முட்டத்துல நல்ல வெயில்ல எடுத்து, பாதிக்கு மேல வெள்ளைக் காகிதம்.

கேள்வி: தோவாளை பூ சந்தையில இருட்டு மாறாத நேரத்துல போன் நைட் மோடு நல்லா எடுக்கு, கேமரா தோக்குதே? (வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: போன் பல படத்த மடமடன்னு எடுத்து ஒண்ணா சேக்குது. 9 படம் சேந்தா புள்ளி மூணுல ஒண்ணாயிரும். பிச்சிப்பூ குவியல் அசையாது, அதனால அழகா வரும். பூ கட்டுத அக்கா விரல போன்ல எடுத்துப் பாருங்க, அசையுத விரல் கலங்கிரும்.