ஓடும் நேரத்தில் எதை எடுப்பது?

கேள்வி: பக்கத்துத் தெருவில் ஒரு வீடு எரிந்துபோனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர்களிடம் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. எங்கள் வீட்டில் மூன்று ஆல்பம் நிறையப் பழைய படங்கள், அப்பா இங்க் பேனாவில் எழுதிய கடிதங்கள், அவர் கட்டியிருந்த கைக்கடிகாரம், பிள்ளைகளின் படங்கள் உள்ள ஹார்டு டிஸ்க் எல்லாம் இருக்கின்றன. தீயோ வெள்ளமோ வந்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவது? தீ தாங்கும் பெட்டி ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டால் போதுமா? நனைந்துவிட்டால் காப்பாற்ற முடியுமா?

பதில்: தீ என்றால் எதையும் எடுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். வந்தபின் ஆல்பத்துக்காகத் திரும்ப உள்ளே போகவே கூடாது. தீ எட்டாத அறையிலும் புகை நிறைந்திருக்கும், அது சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். பழைய தாள்களையும் படங்களையும் சீர்செய்வதுதான் என் தொழில், அவற்றின் அருமை எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்: ஓடும் அந்த ஐந்து நிமிடத்தில் பொருள்களைக் காப்பாற்ற முடியாது. ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில் காப்பாற்றலாம். விட்டால், எல்லாம் நடந்து முடிந்த பிறகு வரும் இரண்டு நாளில் காப்பாற்றலாம்.

வெள்ளத்துக்கும் புயலுக்கும் பல நேரம் முன்னெச்சரிக்கை கிடைக்கும். அதற்காக ஒரு பை தயாராக இருக்கட்டும். அதில் என்ன வைப்பது என்பதை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நகையை மறுபடி வாங்கலாம். சான்றிதழுக்கு அலைந்து திரிந்தாவது நகல் பெறலாம். உங்கள் அப்பாவின் கையெழுத்தை எங்கே போய் வாங்குவது? அதனால் முதல் இடம் கடிதங்களுக்கு, அடுத்து கடிகாரத்துக்கு. மூன்று ஆல்பத்தையும் சுமக்க வேண்டியதில்லை. நெகட்டிவ்கள், அதாவது படம் எடுத்த ஃபிலிம் துண்டுகள், எங்கேயாவது இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். பலர் வீட்டில் மேசை இழுப்பறையில் யாரும் கவனிக்காமல் கிடக்கும். ஒரு ஆல்பத்தில் உள்ள மொத்தப் படங்களும் நெகட்டிவாக உள்ளங்கை அளவு உறையில் அடங்கிவிடும். எந்தப் படத்துக்கு நெகட்டிவ் இல்லையோ, அதை மட்டும் ஆல்பத்திலிருந்து எடுத்துத் தனி உறையில் போடுங்கள்.

பையைவிட முக்கியம் நகல். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. படங்களைப் பாதுகாக்கும் தொழிலில் இருப்பவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு இது. பிள்ளைகளின் படங்கள் அந்த ஒரே ஹார்டு டிஸ்கில்தான் இருக்கின்றன என்றால், தீயோ வெள்ளமோ வரவே வேண்டாம், அது கீழே விழுந்தாலே போதும். இன்றே இன்னொரு பிரதி எடுத்து வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள், அல்லது இணையச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். பழைய படங்களை ஸ்கேன் செய்யும்போது குறைந்தது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) வையுங்கள், பாஸ்போர்ட் அளவுள்ள சிறு படங்களுக்கு 600. ஸ்கேனர் இல்லையா, ஃபோனே போதும். ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். கடிதங்களை இரண்டு பக்கமும் எடுங்கள், உறையையும் சேர்த்து. தபால் முத்திரையில் இருக்கும் ஊரும் தேதியும் பல கடிதங்களுக்குள் இருக்காது.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். தீ தாங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை தாளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. குறிப்பிட்ட நேரம்வரை, அரை மணியோ ஒரு மணியோ, உள்ளே வெப்பம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்பதே அவற்றின் உத்தரவாதம். தாள் அதைத் தாங்கும், ஹார்டு டிஸ்க் தாங்காது. கணினிச் சாதனங்களுக்கான பெட்டி தனி ரகம், அதன் வரம்பு 52 டிகிரி. அது மட்டுமில்லை. சுவருக்குள் இருக்கும் காப்புப் பொருள் சூடானதும் நீராவி விட்டுத்தான் வெப்பத்தைத் தடுக்கிறது. அந்த ஈரம் உள்ளேயும் வரும், படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தீ தாங்கும் பெட்டி தண்ணீரையும் தாங்கும் என்றும் நினைக்க வேண்டாம், அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கடிதங்களுக்கும் பத்திரங்களுக்கும் பெட்டி நல்லது, வாங்குங்கள். உள்ளே வைப்பதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். தீ அணைந்ததும் சூட்டோடு திறந்துவிடாதீர்கள். காற்று உள்ளே புகுந்ததும் அதுவரை தப்பித்த தாள் பற்றிக்கொள்ளலாம். நன்றாக ஆறட்டும்.

இப்போது நனைந்துபோனால் என்ன செய்வது என்பது. இங்கேதான் நல்ல மனதோடு செய்யும் தவறுகள் அதிகம்.

என் மேசைக்கு ஒருமுறை ஒரு ஆல்பம் வந்தது. வெள்ளத்தில் நனைந்ததை வீட்டுக்காரர்கள் அப்படியே மூடி, வெயிலில் வைத்து, மேலே கனம் ஏற்றி, அக்கறையாகக் காயவைத்திருந்தார்கள். செங்கல் மாதிரி இருந்தது. தட்டினால் மரக்கட்டை போலச் சத்தம். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்னும் பசை போன்ற பூச்சு. தண்ணீர் பட்டால் அது உப்பி மென்மையாகும், காயும்போது பசையாகிவிடும். எதிரெதிராக இருந்த படங்களின் முன்பக்கங்கள் அப்படித்தான் ஒட்டிப்போயிருந்தன. ஈரமாகவே கொண்டுவந்திருந்தால் பாதிக்கு மேல் பிரித்திருப்பேன்.

அதனால் முதல் விதி, பிரிக்கும்வரை காயவிடாதீர்கள். கையுறை, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், வெள்ள நீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த நீர் ஊற்றி, ஒட்டிய படங்களை அதில் கிடத்துங்கள். இழுக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஓரம் தானே நெகிழ்ந்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நகரத் தொடங்கும். அப்போது பக்கவாட்டில் தள்ளிப் பிரியுங்கள். படத்தின் முன்பக்கத்தில் விரல் படவே கூடாது, ஊறிய ஜெலட்டின் விரலோடு வந்துவிடும். சேறு போனதும், முன்பக்கம் மேலே பார்க்க, அச்சில்லாத தாளிலோ பருத்தித் துணியிலோ வரிசையாக வைத்து நிழலில் காற்றாட விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், வெயில் வேண்டாம். சுருண்டு கொண்டால் கவலைப்படாதீர்கள், அதைப் பிறகு சரிசெய்யலாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே நீரில் கிடத்துங்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படமென்றால் தண்ணீரில் போடாதீர்கள், சாயம் ஓடிவிடும்.

ஏறக்குறைய 48 மணிநேரத்தில் பூஞ்சை வந்துவிடும். எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க முடியாதென்றால் ஃப்ரீசர்தான் துணை. இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, சிறு சிறு கட்டாகப் பையில் போட்டு உறையவைத்துவிட்டால் நேரம் நின்றுவிடும். மாதங்கள் கழித்துக்கூட எடுத்து நிதானமாக வேலை செய்யலாம். கண்ணாடி நெகட்டிவையும், மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் எடுத்த மிகப் பழைய படங்களையும் மட்டும் உறையவைக்கக் கூடாது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு புகுந்து இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் உள்ள தேசிய நூலகம் மூழ்கியபோது, சேற்றிலிருந்து நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தவர்கள் பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள். நனைந்த தாளை எப்படிக் கையாள்வது என்பதில் இன்று நாங்கள் பின்பற்றும் பலவும் அங்கே கற்றவைதான்.

அப்பாவின் கடிதங்களைத் தண்ணீரில் அலசவே அலசாதீர்கள். இங்க் பேனா மை பெரும்பாலும் கரையும். மடிப்பைப் பிரிக்காமல், மேலும் கீழும் மையொற்றுத் தாள் வைத்து ஈரத்தை இழுக்க விடுங்கள். தேய்க்கக் கூடாது. கட்டாக நனைந்திருந்தால் அப்படியே ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டுச் சீர்செய்பவரைத் தேடுங்கள், உறைந்ததும் மை பரவுவது நின்றுவிடும். கரி படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அது தாளுக்குள்ளேயே இறங்கிவிடும். நனைந்த ஹார்டு டிஸ்கை வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூட ஒருமுறை இயக்காதீர்கள், அரிசியிலும் போடாதீர்கள். பையில் மூடித் தகவல் மீட்பவரிடம் கொடுங்கள். கடிகாரத்தையும் சாவி கொடுக்காமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பழுதுபார்ப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.

ஒரு படத்தில் பாதி போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் லட்சக்கணக்கான படங்களைச் சேற்றிலிருந்து பொறுக்கி, கழுவி, கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைத்து, உரியவர்கள் வந்து தேடிப் பார்க்க வைத்தார்கள். பல படங்களில் ஓரத்திலிருந்து சாயம் கரைந்து நடுவில் ஒரு முகம் மட்டும் நின்றது. அந்த முகத்தைக் கண்டு எடுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வாரம் தொடங்குவதானால், ஆல்பங்களை எடுத்துக்கொண்டு வீட்டில் வயதில் மூத்தவரின் பக்கத்தில் உட்காருங்கள். யார் யார் என்று கேட்டு, படத்தின் பின்புறம் ஓரமாக மெல்லிய பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள், அழுத்தாமல். பென்சில் தண்ணீரில் கரையாது. வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையின் மேல் எழுதிவிட்டு, பிறகு படத்தை உள்ளே போடுங்கள்.