தொடக்கப்பள்ளியில் கிறிஸ்தவ நெறி: டீச்சரிடம் கேட்டவையும் பதில்களும்

பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், எங்கள் சபை நிர்வாகமான திருமண்டலம் நடத்தும், அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவ நெறியோடு நடந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர்களும் பெற்றோரும் தாளாளர் ஒருவரும் கேள்வி அனுப்பியிருந்தார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். வகுப்பிலேயே வசதி குறைந்த பிள்ளையும் நம் சபையைச் சேராத பிள்ளையும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் நம்மைப் பற்றி என்ன சொல்லும்? எல்லாக் கேள்விகளையும் நான் அந்த இடத்தில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

சேரன்மகாதேவி பக்கம் ஒரு புது ஆசிரியை: எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. காலை ஜெபத்தையும் மனப்பாட வசனத்தையும் எல்லாரையும் சொல்ல வைக்கலாமா டீச்சர்?

வைக்கக் கூடாது அம்மா. அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ அரசு உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. சேர்க்கைப் படிவத்தில் அவசரமாக வாங்கின கையெழுத்தை நான் சம்மதம் என்று எண்ண மாட்டேன். ஜூன் மாதம் பெற்றோர் வரும்போது உட்கார வைத்து, "இங்கே காலையில் ஜெபம் உண்டு. உங்கள் பிள்ளை சேர்ந்து சொல்லலாம், சும்மாவும் நிற்கலாம். உங்களுக்கு எது சம்மதம்?" என்று வாயால் கேளுங்கள். நிறையப் பேர் "சொல்லட்டும் டீச்சர், நல்லதுதானே" என்பார்கள். வேண்டாம் என்றவருடைய பிள்ளை வரிசையில் தன் இடத்திலேயே நிற்கட்டும். வராந்தாவுக்கு அனுப்பினால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று ஒரே பீரியடில் பிரிப்பது பல பள்ளிகளில் பழைய வழக்கம். வேதபாடத்துக்கு நன்றாகக் கதை சொல்லும் டீச்சர் போவார். நீதிபோதனைக்கு அன்றைக்கு யாருக்கு வேலை இல்லையோ அவர் போய், "காப்பி எழுதுங்க" என்று உட்கார வைத்துவிடுவார். அடுத்த அறையில் பாட்டும் சிரிப்பும் கேட்கும்போது இந்தப் பிள்ளைகள் என்ன நினைக்கும்? உங்கள் பள்ளியில் யார் நன்றாகக் கதை சொல்வாரோ அவரை நீதிபோதனைக்கு அனுப்புங்கள். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்) 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு இந்தச் சீமையில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வந்தது. வார நாளில் பள்ளிக்கூடமும் ஞாயிற்றுக்கிழமை கோயிலும் ஒரே ஓலைக்கூரையின் கீழ் நடந்த ஊர்கள் உண்டு. "டீச்சர் பார்த்துக்கிடுவாங்க" என்று சபைக்கு வெளியே இருந்தவர்களும் நம்மிடம் பிள்ளையை விட்டுப் போனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

நாங்குநேரி வட்டாரத்திலிருந்து ஒரு தாய்: இரண்டாம் வகுப்பு படிக்கிற என் மகன் கையில் கலர் கயிறு கட்டிவிடச் சொல்லி அழுகிறான். "எங்க தெருப் பசங்க எல்லாம் கட்டியிருக்காங்க" என்கிறான். டீச்சர்கள் கண்டுகொள்வதில்லை. தினமும் ஜெபிக்கிற பள்ளிக்கூடத்தில் இது சரியா?

சரியில்லை. உங்கள் மகனுக்கு அந்தக் கயிற்றின் அர்த்தம் இன்னும் தெரியாது. தெரியும் வயதுக்குள் அது கையோடு பழகிவிடும், அதுதான் பயம். கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி காட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2019லேயே பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வழியாகச் சாதி காட்டுவதைப் பள்ளியில் அனுமதிக்கக் கூடாது என்றது.

ஆனால் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வகுப்பு நடுவே கயிற்றை அறுக்காதீர்கள். கோயில் கொடைக்குப் போன ஆச்சி காப்புக்கயிறு கட்டி அனுப்பியிருக்கலாம், காய்ச்சலுக்கு மந்திரித்துக் கட்டியிருக்கலாம். முதலில் வீட்டில் கேளுங்கள். சாதி அடையாளம் என்று தெரிந்தால் அம்மா அப்பாவை வரச்சொல்லி, கதவைச் சாத்தி, நேராகவே பேசுங்கள். ஒரு தெருவுக்கு மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு தெருவை விட்டால் அத்தோடு உங்கள் பேச்சு எடுபடாது.

கயிறு மட்டும் போனால் போதாது. கிறிஸ்தவர்களாகிய நாம் இதில் தலைநிமிர்ந்து பேச முடியாது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் இரண்டு சாதியாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண்பதற்காக உள்ளே தனித்தனிப் பகுதி இருந்தது. பிரித்த சுவரைக் குருக்கள் 1910இல் இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. சீர்திருத்தச் சபைகளான நம்மிடமும் இது இல்லை என்று யாராவது சொன்னால் பெண் பார்க்கும் பேச்சை ஒரு நாள் காதுகொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஆகவே தொடக்கப்பள்ளியில் நம்மால் முடிகிற காரியங்களைப் பார்ப்போம். உட்காரும் இடத்தை வாரா வாரம் மாற்றுங்கள், பிள்ளைகளே தேர்ந்தால் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள். உதவித்தொகை விவரத்துக்காக "இந்தச் சாதிப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். அதைப் பெற்றோரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். வாளித் தண்ணீர் தூக்குவதும் கரும்பலகை துடைப்பதும் யாருக்கு வருகிறது என்று ஒரு மாதம் கவனியுங்கள். முதல் பெஞ்சுப் பிள்ளை துடைப்பானோடும் கடைசி பெஞ்சுப் பிள்ளை வாளியோடும்தான் எப்போதும் தெரிகிறார்கள் என்றால் அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியன் கதையை எத்தனை முறை சொன்னாலும் அது கதையாகவே நிற்கும்.

அம்மா, நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எழுந்து சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் வையுங்கள். மகனிடம், "கையில ஒண்ணும் இல்லாமலும் நீ எல்லாரோடையும் விளையாடலாம்" என்று சொன்னால் போதும், இந்த வயதில் விளக்கம் வேண்டாம்.

வள்ளியூரிலிருந்து ஒரு தகப்பன்: பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறான் என்று வேதமே சொல்கிறது. இப்போது டீச்சர்கள் அடிக்கவே மாட்டோம் என்கிறார்களே?

நீதிமொழிகள் சொல்வது தகப்பனுக்கு. அந்தத் தகப்பன்மாருக்கே எபேசியர் 6ஆம் அதிகாரம், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கை கொடுக்கிறது. 23ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனுடைய கோலும் தடியும் தேற்றுகின்றன. நம் வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிறவரைப் பாருங்கள். கம்பை நீட்டி ஆட்டைத் திருப்புவார், நாய் வந்தால் அதன்மேல் ஓங்குவார். அந்தக் கம்பைப் பார்த்து ஆடு மிரண்டு ஓடுவதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துக்கொண்டு, "நம்மை அது கட்டுப்படுத்தாது" என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பிள்ளையை அடிப்பதற்கா நமக்குச் சிறுபான்மை உரிமை கிடைத்தது? இதைக் கேட்டாலே எனக்கு மனசு கொதிக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் கிறிஸ்தவப் பள்ளியில்தான் முதலில் பிரம்பு மறைந்திருக்க வேண்டும். நாக்கால் அடிப்பதும் சேர்த்துத்தான். "உங்க அப்பன் மாதிரியே நீயும்" என்ற ஒரு வார்த்தை முதுகுத் தழும்பைவிட நாள் நிற்கும்.

ராதாபுரம் பக்கம், மூன்றாம் வகுப்பு ஆசிரியர்: வாசனை ரப்பர், பென்சில் என்று தினமும் ஏதாவது காணாமல் போகிறது. யார் எடுக்கிறான் என்றும் தெரியும். எப்படித் திருத்த?

பையைக் கொட்டிச் சோதனை போடாதீர்கள் சார். அசெம்பிளியில் பேர் சொல்லி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் திருட்டுப் புத்தியை எடுத்துப்போடும்" என்று ஜெபிக்கவும் வேண்டாம். ஜெபத்தைத் தண்டனையாக்கினால் அந்தப் பிள்ளைக்கு ஜெபமும் வெறுத்துப்போகும்.

வேதத்தில் வரும் சகேயு, ஊரை ஏய்த்து வரி வாங்கினவன். அவன் கதையில் நடந்த வரிசையைப் பாருங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். ஊரே முறுமுறுத்தது. அப்புறம்தான் சகேயு தானாக எழுந்து, நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். நீங்களும் அந்தப் பையனை மதியம் பக்கத்தில் உட்கார வைத்து நாலு வார்த்தை பேசுங்கள். வகுப்பில் ஒரு டப்பா வையுங்கள், கீழே கிடந்து எடுத்தது எல்லாம் அதில் போடலாம், யார் போட்டது என்று கேள்வி கிடையாது. ரப்பர் அங்கே வந்து சேர வழி கிடைக்கும். இன்னொரு டப்பாவில் உபரிப் பென்சில் இருக்கட்டும். வீட்டில் பென்சில் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைதானா என்பதையும் விசாரியுங்கள். அப்பா மும்பையில், அம்மா வேலைக்கு, ஆச்சிக்குக் கண் தெரியாது என்று இருக்கும்.

ஆலங்குளம், ஆசிரியை: ஒரு பெண் பிள்ளை தினமும் தாமதம். தாமதமாக வருகிறவர்களை வெளியே நிற்க வைப்பது எங்கள் பள்ளி ஒழுங்கு.

அந்தப் பிள்ளையின் அம்மா பீடி சுற்றுகிறவரா என்று பாருங்கள். காலையில் இலை வெட்டவும் கட்டு போடவும் உதவிவிட்டு, தம்பியையும் கிளப்பிவிட்டு வரும். அதை வாசலில் நிறுத்தினால் பாடமும் போகும், மானமும் போகும். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். பிறகு அம்மாவைப் பார்க்கப் போங்கள். கையில் முறத்தோடுதான் பேசுவார், அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுற்றின பீடிக்குக் கணக்குக் கொடுக்கும் நாள் எது என்று கேட்டு வைத்துக்கொண்டால் அந்த நாள் மட்டும் தாமதத்துக்குத் தயாராக இருக்கலாம்.

ஐயரம்மா (போதகரின் மனைவி) ஒருவர்: கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் ஒவ்வொரு வருஷமும் மனஸ்தாபம்.

சிவப்பாக இருக்கிற பிள்ளை மரியாள், கறுத்த பிள்ளைகள் மேய்ப்பர், குண்டான பையன் சத்திரக்காரன். இதை மாற்றினாலே பாதி மனஸ்தாபம் போய்விடும். சீட்டுப் போட்டு எடுங்கள். தேவதூதருக்கு வெள்ளைத் துணி வாடகைக்கு எடுக்க 300 ரூபாய் கேட்டால், அதைக் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை "எனக்கு நடிக்கப் பிடிக்கல" என்று பொய் சொல்லும். வீட்டில் இருக்கும் வேட்டியே போதும்.

தாளாளர் ஒருவர்: காணிக்கைப் பெட்டியில் அதிகம் சேர்த்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம். நோட்டு, சீருடை தானம் கொடுக்க வருகிறவர்கள் மேடையில் போட்டோ கேட்கிறார்கள். தவிர்க்க முடியவில்லை.

பரிசை நிறுத்துங்கள். வெளிநாட்டில் மாமா இருக்கிற பிள்ளைதான் ஒவ்வொரு வருஷமும் முதலில் வரும். உலை வைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்த வீடுகள் நம்முடையவை. யார் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை.

போட்டோ விஷயத்தில் உறுதியாக இருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் புத்தகப்பை முதல் எல்லாம் போயிற்று. அப்போது உதவி வாங்கினவர்களில் நன்றாக வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. வாங்குகிற பிள்ளையின் முகம் அடுத்த நாள் ஊர் முழுக்க போனில் சுற்றினால் அந்தப் பிள்ளை எப்படி வகுப்பில் உட்காரும்? கொடுக்க வந்தவரோடு தலைமையாசிரியர் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். பொருளைச் சாயங்காலம் பெற்றோர் கையில் கொடுங்கள்.

ஆசிரியர்கள் பலர்: அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகள் விவரத்தை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, பயிற்சி வகுப்பு. இதற்கு நடுவே நெறிக்கு ஏது நேரம்?

தனி நேரம் வேண்டாம். வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேர் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரம், ஒரு தகப்பன்: என் மகளுக்குக் காது சரியாகக் கேட்காது. உள்ளூர்ப் பள்ளியில் "உங்களுக்குப் பாளையங்கோட்டைதான் சரி" என்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையாரும் காது கேளாதோருக்கு ஸ்வெயின்சன் அம்மையாரும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளி தொடங்கினார்கள். வேறு எங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காகச் செய்தது அது. அதைக் காட்டி இன்னொரு பள்ளி கதவை அடைப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. எங்கே படிப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், முதலில் அவரைப் பாருங்கள். காது எவ்வளவு கேட்கிறது என்ற பரிசோதனை, கருவிக்கான மருத்துவ முகாம் பற்றி அவர் சொல்வார். உள்ளூரிலேயே என்றால் முன் வரிசையில் இடம், டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் முகம் காட்டிப் பேசுவது, இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அதே தாளாளர்: அரசின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, "இன்னார் சமைத்ததை என் பிள்ளை சாப்பிடாது" என்று இரண்டு வீட்டார் சொல்கிறார்கள். சபைக்காரர்கள்தான். என்ன செய்ய?

ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவு 2024 ஜூலை 15இல் வந்தது. நாம் எத்தனையோ வருஷம் அதற்காக ஏங்கினோம். அந்த வீட்டாரிடம் நீங்களும் ஐயரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் ஒரே சட்டி உப்புமாவை மறுக்க முடியாது என்று ஐயர் சொல்லட்டும், அது அவர் வேலை. தனித் தட்டு, வீட்டிலிருந்து டிபன் என்ற சலுகைக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள், ஒருவருக்குக் கொடுத்தால் மறுநாள் பத்துப் பேர் கேட்பார்கள். சமைக்கிற அக்காவைப் பிள்ளைகள் "ஏ ஆயா" என்று கூப்பிட்டால் அங்கேயே திருத்துங்கள், அவருக்குப் பேர் உண்டு, "அக்கா" என்று சேர்த்துச் சொல்லட்டும். ஆசிரியர்கள் ருசி பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நீங்களும் மாதம் ஒரு தடவையாவது சொல்லாமல் கொள்ளாமல் காலையில் வந்து அந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பந்தியில் உட்காருங்கள். சாப்பிட்டு முடித்து உங்கள் தட்டை நீங்களே கழுவி அடுக்கிவிட்டு அலுவலகத்துக்குப் போங்கள்.