போட்டதையே போடும் பிள்ளை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம் ஆகிறது. கேழ்வரகுக் கூழ் ஊட்டும்போது கரண்டியைப் பிடுங்கித் தரையில் போடுகிறான். எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போடுகிறான். உறவினர்கள் வாங்கி வந்த பேட்டரி பொம்மைகளைச் சீண்டுவதே இல்லை. பிடிவாதம் என்கிறார் மாமியார். எனக்கோ மூளை வளர்ச்சியில் குறை இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இது பிடிவாதமும் அன்று, குறையும் அன்று. பத்து மாதக் குழந்தை செய்ய வேண்டிய வேலையைத்தான் உங்கள் மகன் செய்துகொண்டிருக்கிறான். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் அருகிலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்தவர். அவருடைய மகன் ஏறக்குறைய இதே வயதில், படுத்தபடியே கைக்கு அகப்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாக நழுவவிட்டதையும், கையை நீட்டும் விதத்தை மாற்றி அவை விழும் இடம் மாறுவதைப் பார்த்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

அடுத்த முறை ஊட்டும்போது கூர்ந்து பாருங்கள். கரண்டியை விட்டதும் பெரும்பாலும் அவன் பார்வை முதலில் தரைக்குப் போகும். சத்தம் கேட்டதும் உங்கள் முகத்துக்கு வரும். விட்டால் விழுமா, எல்லா முறையும் அதே சத்தம்தானா, அம்மா எடுத்துக் கொடுப்பாளா என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பத்து வீழ்ச்சிகளும் அவனுக்கு வெவ்வேறானவை. அடிக்கடி பயன்படும் நரம்பு இணைப்புகள் மூளையில் வலுப்பெறுகின்றன, பயன்படாதவை காலப்போக்கில் கழிகின்றன. ஆகவே ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது அந்த வயதில் வீண்வேலை ஆகாது.

குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைவதுபோல் கடைந்து, விரல்களை முழங்கை வழியே ஊரவிட்டு, அக்குளில் கூச்சம் காட்டும் விளையாட்டை உங்கள் மாமியார் நிச்சயம் அறிந்திருப்பார். முதல் சில நாள்கள் விரல் அக்குளைத் தொட்ட பிறகே குழந்தை சிரிக்கும். பழகிய பிறகு, விரல் முழங்கையைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்து வரப்போவதை எதிர்பார்க்கக் கற்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் புதுப்புது விளையாட்டாகக் காட்டியிருந்தால் இந்த எதிர்பார்ப்பு உருவாகியிருக்காது.

பேட்டரி பொம்மை தானே பாடித் தானே ஆடி ஓய்கிறது; பிள்ளைக்கு அதில் வேலை அதிகம் இல்லை. எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, மூடி போட்ட டப்பா ஆகியவற்றைக் கொடுங்கள், தட்டிப் பார்க்கட்டும். உங்கள் பக்கம் புளி தட்டும் காலத்தில் திண்ணையெங்கும் கொட்டை சிதறிக் கிடக்கும். புளியங்கொட்டை, நிலக்கடலை போன்றவை மட்டும் அவன் கைக்கு எட்டக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கரண்டியை எடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டால் ஊட்டுவதை முடித்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும், முகம் பார்த்துச் சிரிக்காமலும், மழலை ஒலி எழுப்பாமலும் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், வாராவாரம் ஷிப்டு மாறும். ஏழு மாதக் குழந்தையை ராயக்கோட்டையில் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். அவர் தெலுங்கில் பேசுவார், நான் தமிழில் பேசுவேன். குழந்தைக்கு ஒழுங்கான பழக்கம் எப்படி வரும்?
– வாசகி, ஓசூர்

பதில்: குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது, எதன் பின் எது வரும் என்பதுதான் தெரியும். வெந்நீர்க் குளியல், துடைத்துவிடல், பால், விளக்கைத் தணித்தல், தூளி, தாலாட்டு என்ற வரிசை அரை மணி நேரம் முன்பின்னாக நடந்தாலும், வரிசை மாறாதவரை குழந்தை அதைப் பற்றிக்கொள்ளும். உங்கள் அம்மா இப்போது எப்படிச் செய்கிறாரோ அதே வரிசையை, விடுமுறை நாளில் நீங்களும் கடைப்பிடியுங்கள். உங்கள் ஷிப்டு மாறுகிறது என்பதற்காகக் குழந்தை உறங்கும் நேரத்தை மாற்ற வேண்டாம். பிறந்த சில மாதங்களில்தான் பகலையும் இரவையும் உடல் பிரித்தறியத் தொடங்குகிறது. காலை வெளிச்சமும் இரவின் இருட்டும் அதற்குத் துணை. 4 முதல் 11 மாதம் வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கம் உட்பட நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரை.

வேலைக்குக் கிளம்பும்போது அழுவான் என்று கொல்லைப்புறமாக நழுவாதீர்கள். இன்னும் ஓரிரு மாதங்களில், கண்ணுக்கு மறைந்த ஒன்று எங்கோ இருக்கிறது என்பது குழந்தைக்குப் புரிந்துவிடும், பிரிவுக்கு அழுவதும் கூடும். ஒரே சொல், ஒரே முத்தம், ஒரே கையசைப்பு என்று விடைபெற்றுப் போங்கள். திரும்பி வருவதும் நாள்தோறும் நடப்பதால் அழுகை மெல்லத் தணியும். தெலுங்கைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் அம்மா வழக்கமாகப் பாடும் பாட்டைத் தெலுங்கிலேயே பாடட்டும். எட்டு மாதக் குழந்தைகள் மீண்டும் மீண்டும் சேர்ந்து வரும் ஒலிகளைக் கொண்டே தொடர்ச்சியான பேச்சில் சொற்களைப் பிரித்தறிகின்றன என்று 1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இரு மொழிகள் நாள்தோறும் காதில் விழுவதால் குழந்தை குழம்பிவிடாது. உங்கள் எல்லைப் பகுதியில் இரு மொழியில் வளராத பிள்ளைகளைத் தேடினால்தான் உண்டு!

கேள்வி: செல்போனில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாலும் இதே பலன் கிடைக்குமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: கிடைக்காது. கரண்டியைப் போட்டால் அம்மா குனிந்து எடுக்கிறாள். கை தட்டினால் தாத்தாவும் தட்டுகிறார். செல்போன் பாட்டு, குழந்தை சிரித்தாலும் அழுதாலும் தன்போக்கில் ஓடும். இரண்டு வயது நிரம்பும்வரை திரையே வேண்டாம் என்பதும் மேற்சொன்ன அதே 2019 பரிந்துரையில் இருக்கிறது. அந்தப் பாட்டை நீங்களே பாடுங்கள், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.