இரண்டு தீவு போதும்

வாசகர் கேள்வி பதில்: பயணம்

கேள்வி: அக்கா, வருகிற ஜூலை பள்ளி விடுமுறையில் கிரேக்கத் தீவுகளுக்குப் போக ஆசைப்படுகிறோம். நான், கணவர், 12 வயது மகள், 8 வயது மகன், 67 வயது மாமியார். மாமியார் சுத்த சைவம். ஏதென்ஸ், மிக்கோனோஸ், சாந்தொரினி, கிரீட், ரோட்ஸ் என்று பத்து நாளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறோம். முகவர் சொன்ன தொகையைக் கேட்டதும் கணவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். விமானம், கப்பல் எல்லாம் நாமே ஏற்பாடு செய்தால் செலவு குறையுமா?
(ஒரு வாசகி, கத்ர் போர்ன்)

பதில்: குறையும் தங்கச்சி. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் பட்டியல் குறைய வேண்டும்.

நாம் மொரீஷியஸ்காரர்கள். வரைபடத்தில் நம் ரொட்ரீக் தீவு நமக்கு ஒரு விரல் தூரம்தான், கப்பலில் போனால் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. கிரேக்கத்திலும் அப்படித்தான். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கிரீட்டுக்கு ஓர் இரவு முழுக்கக் கப்பல். ரோட்ஸ் துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது, அதற்குப் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலே. உங்கள் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டால் பத்து நாளில் பாதி துறைமுகத்திலும் கப்பலிலும் பெட்டி கட்டுவதிலும் போய்விடும். ஒவ்வொரு தாவலுக்கும் ஐந்து பேருக்கு டிக்கெட் வேறு. பணம் கரைவது அங்கேதான்.

அதனால் கிரீட்டையும் ரோட்ஸையும் அடித்துவிடுங்கள். மிக்கோனோஸையும் எடுத்துவிடச் சொல்வேன். ஜூலையில் அங்கே ஓர் அறைக்குக் கேட்கும் வாடகைக்கு வேறு தீவில் மூன்று நாள் தங்கலாம். ஒரே கப்பல் வழியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நக்சோஸ், பாரோஸ் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

விமான டிக்கெட்டை டிசம்பர் மாத போனஸ் கையில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க விலை ஏறுமே தவிர இறங்குவதை நான் பார்த்ததில்லை. நம்மூரிலிருந்து ஏதென்ஸுக்கு நேர் விமானம் பிடிக்கப் பார்க்காதீர்கள். துபாய், இஸ்தான்புல், பாரிஸ் மூன்று வழியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எதில் போனாலும் மொரீஷியஸிலிருந்து ஏதென்ஸ் வரை ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. இன்னொன்று, மகளுக்குப் 12 வயது நிறைந்திருந்தால் விமானத்தில் பெரியவர் கட்டணம்தான். கப்பலிலும் ஐந்து முதல் பத்து வயது வரைதான் பாதி. ஆகவே உங்கள் வீட்டில் மகனுக்கு மட்டும் சலுகை.

விசா செலவு நமக்கு இல்லை. 2009 முதல் மொரீஷியஸ் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள், கிரேக்கமும் அதில் ஒன்று) 90 நாள் வரை விசா தேவையில்லை. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், அதனால் வரிசையில் கொஞ்சம் நேரம் ஆகலாம். ஐந்து பாஸ்போர்ட்டும் எப்போது முடிகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். திரும்பும் தேதிக்குப் பிறகு இன்னும் மூன்று மாதமாவது செல்ல வேண்டும்.

இப்போது கப்பல். இரண்டு வகை உண்டு. ஒன்று வண்டி, லாரியெல்லாம் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல். மற்றது கட்டமரான் என்கிற வேகக் கப்பல் (நம் கட்டுமரம் என்ற சொல்தான் உலகம் சுற்றி அங்கே போய் நிற்கிறது, அந்தப் பெயரைத் துறைமுகப் பலகையில் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்). பிரேயஸிலிருந்து நக்சோஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம். சாதாரண வகுப்பில் ஆளுக்கு 40 முதல் 50 யூரோ. வேகக் கப்பல் ஒன்றரை இரண்டு மணி நேரம் மிச்சப்படுத்தும், ஆனால் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. உங்கள் குடும்பத்துக்கு நாலரை டிக்கெட் கணக்கு. ஒரு வழிக்கே நம் மொரீஷியஸ் பணத்தில் 9,000 ரூபாய்க்குக் குறையாமல் வித்தியாசம் வரும்.

பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஏழு வருஷத்துக்கு முன் நானும் என் தங்கையும் அவளுடைய இரண்டு பெண்களும் போனோம். திரும்பும் நாளில் காலை நக்சோஸில் வேகக் கப்பல் ஏறி, மதியம் பிரேயஸில் இறங்கி, மாலை ஆறு மணிக்கு விமானம் என்று நான்தான் திட்டம் போட்டேன். ஜூலை, ஆகஸ்டில் அந்தக் கடலில் வடக்கிலிருந்து ஒரு காற்று வரும். மெல்தேமி என்பார்கள். நம் சூறாவளி மாதிரி மேகமும் மழையும் கிடையாது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், காற்று மட்டும் நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். அன்று காலை வேகக் கப்பல் ரத்து. சாயங்காலம் வரும் பெரிய கப்பலில் மாற்றிக் கொடுத்தார்கள். அது ஆடி ஆடி வந்து பிரேயஸைத் தொட்டபோது நள்ளிரவு. விமானம் போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. கப்பல் ரத்தானால் கப்பல் காசு திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த கப்பல் கிடைக்கும். தவறவிட்ட விமானத்துக்கு எதுவும் கிடைக்காது. நான்கு பேருக்கும் புது டிக்கெட் வாங்கினோம். தங்கை வீடு வெள்ளையடிக்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. இன்றைக்கும் அவள் வீட்டுச் சுவரைப் பார்த்தால் எனக்கு மனசு உறுத்தும்.

ஆகவே இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். கடைசி இரவை அங்கேயே தங்கிக் கழியுங்கள். குன்றின் மேல் பழங்கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸை முதல் நாள் பார்க்காமல் கடைசி நாளுக்கு வைத்தால் அந்த நாள் வீணாகவும் போகாது. மாமியாருக்குத் திரும்பும் கப்பல் கஷ்டம் என்று தோன்றினால் நக்சோஸிலும் பாரோஸிலும் சிறு விமான நிலையம் இருக்கிறது. ஏதென்ஸுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். முன்கூட்டியே எடுத்தால் அந்த டிக்கெட் சில நாட்களில் வேகக் கப்பல் விலைக்கே வரும்.

போகும்போது இப்படிச் செய்யுங்கள். ஏதென்ஸ் விமான நிலைய வாசலிலிருந்து எக்ஸ் 96 என்ற பேருந்து இரவு பகலாகப் பிரேயஸுக்கு ஓடுகிறது. மெட்ரோவும் நேராகப் போகிறது, அதைவிடப் பேருந்து மலிவு. அன்று இரவு பிரேயஸிலேயே ஒரு எளிய விடுதியில் படுத்துவிடுங்கள். பெரிய கப்பல் காலை ஏழு, ஏழரைக்கே கிளம்பிவிடும். துறைமுகம் மிகப் பெரியது, வாயில்களுக்கு எண் உண்டு. எந்த வாயில் என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஏறியதும் பெட்டிகளைக் கீழ்த்தளத்தில் உங்கள் தீவின் பெயர் எழுதிய அடுக்கில் வைத்துவிட்டு மேலே போகலாம். நக்சோஸ் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்ன உடனே எழுந்து கீழே வந்துவிடுங்கள். கப்பல் துறையில் நிற்பது சில நிமிஷம்தான். பின்கதவு இறங்கும், லாரிகளுக்கு நடுவே கூட்டம் வெளியே பாயும். அந்த நேரத்தில் பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு மாமியாரின் கையையும் பிடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும். துணி துவைத்துக் கொடியில் போட்டால் அந்தக் காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

நக்சோஸில் இறங்கும்போதே இடது பக்கம் ஒரு பிரம்மாண்டமான பளிங்கு வாசல் தனியாக நிற்பதைப் பார்ப்பீர்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அப்பல்லோ என்ற கிரேக்கக் கடவுளுக்குத் தொடங்கிய கோயில். கட்டி முடிக்கவில்லை, வாசல் மட்டும் நிற்கிறது. கட்டணம் கிடையாது. அங்கே ஜூலையில் சூரியன் மறைய எட்டரை மணிக்கு மேல் ஆகும். நம்மூரில் ஜூலையில் ஆறு மணிக்கெல்லாம் விளக்குப் போடுகிறோம், பிள்ளைகளுக்கு இது பெரிய அதிசயமாக இருக்கும். நகரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அயியோஸ் யோர்யோஸ் கடற்கரை. ஆழம் குறைவு, மகனுக்குப் பயமில்லை. தென்பக்கத்துக் கடற்கரைகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் பேருந்து போகிறது, கார் வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஐந்து இரவு இங்கே, இரண்டு இரவு பாரோஸில். பாரோஸிலிருந்து அந்திபாரோஸ் என்ற குட்டித் தீவுக்குப் பத்து நிமிஷப் படகு. பிள்ளைகளுக்கு மூன்றாவது தீவு பார்த்த திருப்தியும் கிடைத்துவிடும்.

சாந்தொரினியை விட மனசில்லை என்பது தெரியும். எரிமலை வெடித்துக் கடல் புகுந்த அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்பது உண்மையிலேயே மூச்சை நிறுத்தும். நக்சோஸிலிருந்து காலையில் போய் இரவு திரும்பும்படி ஒரே ஒரு நாள் வையுங்கள். அங்கே தங்கினால்தான் கை சுடும்.

மாமியாரின் சாப்பாடு பற்றிக் கவலைப்படாதீர்கள், இதைச் சொல்ல எனக்கு ஆசையாகவே இருக்கிறது. நாம் புரட்டாசியிலும் காவடிக்கும் விரதம் இருப்பதுபோல் கிரேக்கர்களும் வருஷத்தில் பல நாள் இறைச்சி, பால், முட்டை தொடாமல் விரதம் இருக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு நிஸ்டீசிமோ என்று பெயர். கடையில் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். சில கடல் உணவுகளை விரதத்தில் சேர்ப்பார்கள், அதனால் மீன், கணவாய் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். ஃபாவா என்று மஞ்சள் பருப்பை மசித்து எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள், நம் பருப்பேதான். தக்காளி, குடைமிளகாய்க்குள் அரிசி அடைத்துச் சுடுவது யெமிஸ்டா. சில இடங்களில் கறி சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். அங்கே 'நே' என்றால் ஆமாம். தலையை மேல்நோக்கி வெட்டினால் இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் என் தங்கை முதல் நாள் திணறிப்போனாள்.

அறை எடுக்கும்போது சின்ன அடுப்புள்ள அறையாகக் கேளுங்கள், தீவுகளில் அது சாதாரணம். மசாலாப் பொடி கொண்டு போகலாம். கறிவேப்பிலை, பச்சைக் காய்கறி கொண்டு போகாதீர்கள், எல்லையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரு வேளை வெளியே, ஒரு வேளை அறையில் சோறு என்று வைத்தாலே சாப்பாட்டுச் செலவு பாதியாகிவிடும்.

கேள்வி: ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவுக்குத் தீனோஸ் தீவில் பக்தர்கள் முழங்காலில் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். வேறு மதமானாலும் ஒருமுறை பார்க்க வேண்டும். எளிய செலவில் முடியுமா?
(ஒரு வாசகர், சேன்தாந்த்ரே, ரெயூனியன்)

பதில்: அவசியம் பாருங்கள் ஐயா. 1823இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த மாதா படம் அங்குள்ள மாதா கோயிலில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து மேட்டுக் கோயில் வரை தெரு ஓரமாகக் கம்பளம் விரித்திருக்கும். அதன் மேல் கிழவிகளும் இளம் தாய்மார்களும் முழங்காலிலேயே ஏறிப் போவார்கள். ஆள் உயர மெழுகுவர்த்தியை முதுகில் சுமப்பவர்களும் உண்டு. காவடி எடுத்தவர்களுக்கு அந்த முகங்களைப் புரிந்துகொள்ள மொழி வேண்டாம்.

ஆனால் அந்த வாரம் தீனோஸில் அறை கிடைப்பது அரிது. அரை மணி நேரக் கப்பல் தூரத்தில் உள்ள சீரோஸில் தங்குங்கள். கப்பல் டிக்கெட்டையும் மே மாதத்துக்குள் வாங்கிவிடுங்கள். ஏதென்ஸ் விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ரஃபீனா துறைமுகத்திலிருந்தே தீனோஸுக்குக் கப்பல் உண்டு, பிரேயஸ் வரை போக வேண்டாம். நீங்கள் பிரெஞ்சுக் குடிமகன், பாரிஸ் வழியாகப் போனால் தேசிய அடையாள அட்டையே போதும்.

கேள்வி: டர்பனில் இருக்கும் எங்களுக்கும் கிரேக்கத்துக்கு விசா வேண்டாமா?
(ஒரு வாசகி, டர்பன்)

பதில்: உங்களுக்கு வேண்டும். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஜூலைக்கு என்றால் மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் வகை அறையாகப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவெல்லாம் எனக்கு எட்டாது அக்கா. முதல் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அம்மாவைக் கடல் தாண்டி ஒரு தீவுக்கு அழைத்துப் போக வேண்டும்.
(ஒரு வாசகி, ரோஸ் பெல்)

பதில்: ரொட்ரீக்குக்கு அழைத்துப் போம்மா. விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். ஜனவரி, பிப்ரவரி சூறாவளிக் காலத்தைத் தவிர்த்து, அக்டோபர், நவம்பரில் போ. ஹோட்டல் வேண்டாம். வீட்டோடு அறை விட்டு, இரவுச் சாப்பாடும் போடுகிற குடும்பங்கள் தீவெங்கும் உண்டு. அம்மாவுக்குப் பேச்சுத் துணையும் ஆகும், நம் கிரியோல் மொழிதானே. பேருந்து மாலையோடு நின்றுவிடும், அதற்குள் அறைக்குத் திரும்பிவிடு. ஒரு நாள் படகில் கோக்கோஸ் தீவு. அம்மாவுக்கு நடக்க முடிந்தால் ஒரு நாள் த்ரூ தர்ழான் கடற்கரை, பாதை கொஞ்சம் கரடுமுரடு. சனிக்கிழமை விடியற்காலையில் போர்ட் மத்தூரேன் சந்தைக்குப் போய்விடு. எலுமிச்சை ஊறுகாயும் தேனும் அங்கேயே வாங்கு, ஏழு மணிக்கு மேல் நல்லது மிஞ்சாது.