வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் ஏன் அனுப்புகிறார்கள்?

பின்னால் தொல்லை தரக்கூடிய பற்களை முன்கூட்டியே கண்டு சரிசெய்யவும், காப்பாற்ற முடியாதவற்றை எடுத்துவிடவும்தான்.

கதிர், புற்றோடு சேர்த்து உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாடை எலும்பின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பாதிக்கிறது. உமிழ்நீர் வற்றினால் பற்சொத்தை வேகமாகப் பரவும். அதைவிடப் பெரிய சிக்கல் எலும்பில்தான். கீழ்பவானி வாய்க்காலின் கடைமடை நிலத்தை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் குறைந்தாலும் நிற்கிற தென்னை தாக்குப்பிடிக்கும். புதிதாக விதைத்தால் முளைக்காது. இரத்த ஓட்டம் குறைந்த தாடையும் அப்படியே. சீண்டாதவரை பெரும்பாலும் தாங்கும். பல்லைப் பிடுங்கினால், குழி ஆறுவதற்குப் புது எலும்பு வளராமல், இருக்கும் எலும்பும் செத்துப்போகலாம். கீழ்த்தாடைக்கே இந்த ஆபத்து அதிகம்.

எடுக்க வேண்டிய பல்லைக் கதிர்வீச்சுக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே எடுத்தால்தான் புண் ஆற நேரம் கிடைக்கும். எனவே ஈரோடு, தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து சிகிச்சைக்காகக் கோவைக்கு வருகிறவர்கள், தேதி நெருங்கும்வரை காத்திராமல் உள்ளூர்ப் பல் மருத்துவரை உடனே பார்த்துவிடுவது மிக நல்லது. எல்லாப் பல் மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளை அடிக்கடி பார்ப்பதில்லை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு கதிர் என்ற குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். பிறகு மென்மையான பிரஷ், மருத்துவர் தரும் ஃபுளோரைடு, உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் கொப்பளிப்பு ஆகியவை தொடர வேண்டும்.

“சிகிச்சை முடிந்து பல வருடமாயிற்று, இனிப் பல்லைப் பிடுங்கலாம்” என்று பலர் நினைப்பது தவறு. தாடையின் அந்த ஆபத்து வாழ்நாள் முழுவதும் இருக்கிறது.