தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியராக என்ன படிக்க வேண்டும்? டெட் பாஸ் செய்தால் வேலை உறுதியா?

உறுதி இல்லை. கோச்சிங் சென்டர் பேனர்களில் இந்த ஒரு வரி மட்டும் எப்போதும் விட்டுப்போவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) வெறும் தகுதித் தேர்வு. 2018 ஜூலையில் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் தேர்ச்சி பெற்றவர் ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் போட்டித் தேர்வையும் எழுதியாக வேண்டும். நியமனம் முக்கியமாக அந்த மதிப்பெண்ணையும் இனச்சுழற்சியையும் (இட ஒதுக்கீட்டு வரிசை) வைத்துத்தான்.

நீங்கள் டிகிரி கடைசி வருடத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "முதலில் பி.எட். முடிப்போம், பிறகு பார்ப்போம்" என்று இறங்காதீர்கள். எந்தப் பணியிடம் என்று முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர் இடைநிலை ஆசிரியர். பிளஸ் டூவுக்குப் பின் இரண்டு வருட டி.எல்.எட். (தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு), பிறகு டெட் தாள் ஒன்று. பி.எட். வைத்துக்கொண்டு இந்தப் பணிக்கு வர முடியாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர்: டிகிரி, பி.எட்., டெட் தாள் இரண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுகலை ஆசிரியர்: பிஜியும் பி.எட்.டும் வேண்டும், டெட் வேண்டாம், நேராக பிஜி டிஆர்பி (டிஆர்பியின் முதுகலை ஆசிரியர் தேர்வு).

பலர் சறுக்குவது பாடத்தில். பட்டதாரி ஆசிரியர் பணியிடம் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகியவற்றுக்குத்தான். பி.காம்., பி.ஏ. பொருளியல் படித்து பி.எட். முடித்தால் பத்தாம் வகுப்பு வரை உங்களுக்கு இடமே கிடையாது. பிஜி முடித்து மேல்நிலைக்குத்தான் போக வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் அதே கதை. அந்தப் பாடத்துக்கு பி.எட். சீட்டைக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டு பள்ளியில் பணியிடம் உருவாக்காததற்கு யாரும் பதில் சொல்வதில்லை. பிஜி பணிக்கு இன்னொரு கண்டிப்பு உண்டு: யுஜியும் பிஜியும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல், எம்.எஸ்சி. கணிதம் என்று மாற்றிப் படித்தால் 'கிராஸ் மேஜர்' என்று ஒதுக்கிவிடுவார்கள். டிகிரியின் பெயர் 'அப்ளைடு' என்றோ வேறு புதுப் பெயரிலோ இருந்தால், அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை வந்திருக்கிறதா என்பதை கல்லூரியில் சேரும் முன்பே பாருங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரி செல்லாது.

டெட் தாள் ஒவ்வொன்றிலும் 150 கேள்வி, 150 மதிப்பெண், நெகட்டிவ் மார்க் இல்லை. உளவியல் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30 என்பது இரண்டு தாளுக்கும் பொது. மீதி 60, தாள் ஒன்றில் கணிதம் 30, சூழ்நிலையியல் 30. தாள் இரண்டில் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 90. மற்ற பிரிவினருக்கான தளர்வு மாறிக்கொண்டே இருப்பதால், அந்தந்த அறிவிக்கையில் உள்ளதை மட்டும் நம்புங்கள். சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும். முன்பு ஏழு வருடம்தான். படிக்க சமச்சீர் புத்தகங்களே போதும். 'அதெல்லாம் போதாது' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். கைடு வாங்கும் முன் ஆறு முதல் பத்து வரை பாடப்புத்தகத்தை வரி விடாமல் முடித்துவிட்டு வந்து சொல்லுங்கள். பிஜி டிஆர்பிக்கு இது பொருந்தாது. அங்கே பாடத்துக்கு 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. பாடக் கேள்விகள் முதுகலைத் தரத்தில் இருக்கும்.

டிஆர்பி போட்டித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். 30 கேள்வி, 50 மதிப்பெண், குறைந்தது 20 எடுக்க வேண்டும். அதில் விழுந்தால் முக்கியத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தான், ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் படித்து தமிழை எழுதவே மறந்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் ஆட்சேபம் தெரிவிக்க சில நாள் தருவார்கள். ஆதாரமாகப் பாடநூல் பக்கம் வேண்டும், கைடு ஏற்கப்படாது.

இதெல்லாம் தாண்டியவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுவதுதான் வயிற்றெரிச்சல். திருமணமான பெண்களின் சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் இருந்தால் ஏற்க மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடு கேட்டால், ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்கான கடைசிப் படிப்பு வரை ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனிச் சான்று வேண்டும். பட்டதாரி ஆசிரியர் என்றால் பி.எட். வரை. படித்த தொடக்கப்பள்ளி மூடப்பட்டிருந்தால் அந்தப் பதிவேடு எந்த அலுவலகத்துக்குப் போனது என்று தேடவே நாளாகும், ஆகவே இப்போதே வாங்கி வையுங்கள். வெளிமாநில பி.எட். எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் படித்த ஆண்டில் அந்தக் கல்லூரிக்கு என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் இருந்ததா என்பதைப் பாருங்கள். வேலையில் சேர்ந்த பிறகும் எல்லாச் சான்றிதழுக்கும் உண்மைத்தன்மைச் சான்று (போலி அல்ல என்ற உறுதி) வாங்க வேண்டும், அங்கே பிடித்தால் வேலையே போகும்.

சம்பளம் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே கரும்பலகை. அதற்கடுத்த ஊதியக் குழுவும் அந்த அடிப்படை மீதுதான் கட்டப்பட்டது. இது தெரிந்துகொண்டு டி.எல்.எட்.டில் சேருங்கள்.

வயது வரம்பு கடைசியாகப் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தப்பட்டது, அதனால் பதற வேண்டாம். இடைப்பட்ட காலத்தில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியராகப் போகலாம். தொகுப்பூதியம் 12,000 முதல் 18,000 வரை, பணியைப் பொறுத்து. அனுபவம் கிடைக்கும், பணி நிரந்தரம் கிடைக்காது. 'நிரந்தரம் ஆக்கித் தருகிறேன்' என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.